புகையிலைக்குத் தண்ணீர் கேட்டு வந்தவர்

பிசாசு மற்ற நாடுகளில் எங்கே குடியிருக்கிறதோ எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் அது புகையிலைக்குள்தான் குடியிருந்தது. மிஷன் பங்களாவில் இருந்த எங்கள் வெள்ளைக்காரப் பாதிரியார் அப்படித்தான் பிரசங்கம் செய்வார். கள்ளைப் பற்றியும் சொல்வார், சீட்டாட்டத்தைப் பற்றியும் சொல்வார். ஆனால் அதிலெல்லாம் அவ்வளவு சூடு இராது. புகையிலை என்று வந்துவிட்டால் கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவந்துவிடும்.

பாவம், அவர் வந்து சேர்ந்த இடம் அப்படி. பண்டத்தரிப்புக்கும் அளவெட்டிக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் புகையிலைத் தோட்டம்தான். ஊரில் ஒரு கல்வீடு எழும்பினால் அது புகையிலைக் காசு. பெண்ணுக்குச் சீதனம் கொடுத்தால் புகையிலைக் காசு. மகன் மலாயாவுக்குக் கப்பல் ஏறினால் அதுவும் புகையிலைக் காசு. சபையார் அவருடைய பிரசங்கத்தைப் பொறுமையாகக் கேட்பார்கள். வீட்டுக்குப் போய், சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, இன்றைக்குப் பிரசங்கம் திறமாய் இருந்தது என்று பேசிக்கொள்வார்கள்.

நான் முப்பதுகளில் அந்த மிஷன் வளவுக்குள் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ரீச்சராக இருந்தேன். அப்பா சபையின் உபதேசியார். பங்களாவுக்குப் பின்னால் இருந்த சின்ன வீட்டில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். பாதிரியார் தமிழில் பிரசங்கம் எழுதி, சனிக்கிழமை பின்னேரங்களில் எனக்கு வாசித்துக் காட்டுவார். பிழை திருத்துவது என் வேலை. அவர் இலக்கணப் புத்தகத்தையும் வேதாகமத்தையும் வைத்துத் தமிழ் படித்தவர். அவரோடு கொஞ்ச நேரம் கதைத்தால் பழைய ஏற்பாட்டுக்குள் போய் வந்த களைப்பு வரும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதனால்தான் இன்னும் கலியாணம் ஆகவில்லை என்று ஊரில் சொன்னார்கள். அந்த வாயைப் பாதிரியார் மட்டும்தான் பிரயோசனப்படுத்தினார்.

அப்பாவுடைய விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் போய் நிற்பார். செபம் செய்யப் போகிறேன் என்பார். திரும்பி வரும்போது வாய் சிவந்திருக்கும். வெற்றிலைக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும், பங்களாவில் சமைக்கிற குசினிக்காரருக்குத் தெரியும், பாதிரியாரின் மனைவிக்கும் தெரியும். பாதிரியாருக்குத் தெரியாது என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷம் மார்கழி மழை அடித்து ஊற்றியது. மிஷன் வேலிக்கு அப்பால் தோட்டம் செய்த சைவக்காரர் ஒருவருடைய கிணறு ஒரு பக்கம் இடிந்து விழுந்துவிட்டது. மழை விட்டதும் தை வெயில் தொடங்கிற்று. அவர் அப்போதுதான் புகையிலைக் கன்று நட்டு முடித்திருந்தார். கிணற்றைத் தூர்வாரிக் கல்லுக் கட்டி முடிக்கும்வரை கன்றுகளுக்குத் தண்ணீர் இல்லை. அயலில் கிணறுகள் இருந்தன. ஆனால் எங்கள் ஊர்க் கிணறுகள் எல்லாம் பங்குக் கிணறுகள். இன்றைக்கு இன்னாருடைய முறை என்று இருக்கும். தை மாதத்தில் தன் முறையை மற்றவனுக்குக் கொடுத்தால் தன் புகையிலை வாடும். யாரும் இறைக்காமல் சும்மா விட்டுவைத்திருந்த கிணறு ஒன்றே ஒன்றுதான். அது மிஷன் கிணறு. வேலியோரமாக, தண்ணீர் இறைக்கிற பெரிய துலாவோடு, பாதிரியாரின் மனைவி வளர்த்த ரோசாச் செடிகளுக்காக மட்டும் அது காத்துக்கிடந்தது.

அந்த மனிதர் ஒரு சனிக்கிழமை பின்னேரம் பங்களாவுக்கு வந்தார். நான் பிரசங்கம் திருத்திக்கொண்டிருந்தேன். பிரசங்கம் எதைப் பற்றியது என்று நான் சொல்லத் தேவையில்லை. வெள்ளை வேட்டி கட்டி, சால்வையை இடுப்பில் சுற்றி, கையில் வாழையிலையில் பொதிந்த ஏதோ ஒரு கட்டோடு விறாந்தையில் நின்றார்.

"உள்ளே வாரும். அமரும்" என்றார் பாதிரியார். "தண்ணீர் அருந்துகிறீரா?"

"வேண்டாம் ஐயா. இப்பத்தான் குடிச்சிட்டு வந்தனான்."

அது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த பொய். சைவக்காரர் பங்களாவில் வாய் நனைப்பதில்லை. தன் வாய்க்கு ஆகாத தண்ணீரைத் தன் புகையிலைக்குக் கேட்கத்தான் அவர் வந்திருந்தார். ஆனால் கேட்பதற்கு முன்னால் கையிலிருந்த கட்டை இரண்டு கையாலும் பிடித்து, பிரசங்கத் தாள்களுக்கு மேலேயே மெதுவாக வைத்தார். வாழையிலை விரிந்தது. அறை முழுக்க மணம் பரவியது.

"நண்பரே, இது யாது?" என்றார் பாதிரியார். யாது என்று அவருக்கு நன்றாகவே தெரிந்துவிட்டது.

"ஐயாவுக்குத்தான். போன வருஷத்துப் புகையிலை. தேங்காய்ப் பொச்சுமட்டையை எரிச்சுப் புகை போட்டது. விக்காமல் வீட்டுக்கெண்டு வைச்சிருந்தனான்."

பாதிரியார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அந்த மனிதர் ஒன்றும் கவனிக்காமல் தன் கிணறு இடிந்த கதையைச் சொன்னார். வேலியில் வழி விட ஒரு பொட்டு வெட்டி, வாய்க்காலைத் தன் பக்கம் திருப்பிவிட்டால் போதும், இறைக்கிற கூலி தன்னுடையது, கிணற்றுக் கட்டு முடிந்ததும் வேலியை அடைத்துத் தருகிறேன் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

பாதிரியார் எழுந்து நின்றார். "இந்தத் தண்ணீர் ஆண்டவர் கொடுத்தது. அதை நான் நஞ்சுக்கு வார்க்க ஒப்பேன். கத்தரிக்காகவோ மிளகாய்க்காகவோ என்றால் முழுக் கிணற்றையும் எடுத்துக்கொள்ளும்."

வந்தவர் கொஞ்சம் யோசித்தார். "நட்டுப்போட்டனே ஐயா. இனித் தண்ணி வார்த்தால் அது புகையிலையாய்த்தான் வரும்."

எனக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்ற வேண்டியதாயிற்று. பாதிரியார் மட்டும் சிரிக்கவில்லை. முடியாது என்று மறுபடியும் சொன்னார்.

"சரி ஐயா. அப்ப நான் வாறன்."

"உமது பொருளை எடுத்துச் செல்லும்."

"குடுத்ததைத் திருப்பி எடுக்கிறதே? அது கூடாது ஐயா." சொல்லிவிட்டு, சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

"உபாத்தியாயினி அம்மாளே, அந்த மனிதர் என்னைப் பரிகாசம் செய்தாரா?" என்று கேட்டார் பாதிரியார்.

"இல்லை ஐயா. பெரிய ஆக்களைப் பாக்க வெறுங்கையோடை வரக்கூடாது. தன்ரை வீட்டிலை இருந்த திறமான சாமானைக் கொண்டுவந்தவர். நீங்கள் என்ன பிரசங்கம் செய்யிறியள் எண்டு அவருக்கு என்ன தெரியும்? அவர் எங்கடை கோயிலுக்கு வாறேல்லையே."

அப்போதுதான் பாதிரியாருடைய முகத்தில் முதல் சந்தேகம் வந்தது. கட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அந்தக் கட்டை என்ன செய்வது என்பது ஒரு பெரிய காரியமாகிவிட்டது. எரிக்கலாம் என்றார். எரித்தால் பங்களா முழுக்கச் சுருட்டுக் குடித்தது போலாகும் என்றேன். அப்பா மிகுந்த பக்தியோடு முன்வந்து, தான் கொண்டுபோய் எறிந்துவிடுவதாகச் சொன்னார். அந்த ஆர்வம் பாதிரியாருக்கே சரியாகப் படவில்லை. கடைசியில் எங்கள் வேதக் கோயிலின் பின்னறையில் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மறுநாள் ஆராதனையில் காற்று அந்தப் பக்கமிருந்து வீசியது. எப்போதும் தூங்கி விழுகிற ஆண்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து மூக்கை உயர்த்தினார்கள். அவர் பிரசங்கம் செய்த காலத்தில் சபை அவ்வளவு விழிப்பாக இருந்ததை நான் கண்டதில்லை.

கடைசியில் அவருடைய மனைவிதான் வழி கண்டுபிடித்தார். ரோசாச் செடிகளில் பேன் பிடித்திருந்தது. புகையிலையை ஊறவைத்த தண்ணீரைத் தெளித்தால் பேன் சாகும் என்று அவர் ஊரில் கேள்விப்பட்டிருந்தாராம். அலுமாரியைத் திறந்து கட்டை எடுத்தபோது அது கொஞ்சம் மெலிந்திருந்தது. அப்பா அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. மிச்சத்தை வாளியில் ஊறப்போட்டபோது, இவ்வளவு நல்ல சாமானைப் பேனுக்குக் கொடுக்கிறார்களே என்று மனம் நொந்துபோனார். ரோசா பூத்துத் தள்ளியது. பாதிரியார் அதைப் பார்த்துவிட்டு, தீமையும் சில வேளை நன்மைக்கு உதவுகிறது என்று முணுமுணுத்தார். எனக்கோ அவர் நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவில் போட்டிருந்த வேலியில் முதல் பொட்டு விழுந்துவிட்டது என்று தோன்றியது.

வேலிக்கு அந்தப் பக்கத்தில் காரியம் அவ்வளவு சிரிப்பாக இல்லை. வேலியோரமாகப் போன ஒழுங்கைப் பாதை முடிகிற இடத்தில் இருந்த பிள்ளையார் கோயில் கிணற்றில் எவரும் குடத்தால் தண்ணீர் அள்ளலாம், துலா வைத்து இறைக்க முடியாது. அங்கேயிருந்து அந்தத் தோட்டக்காரர், அவருடைய மனைவி, மூத்த மகள் மூன்று பேரும் குடத்தில் தண்ணீர் காவினார்கள். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு சிரட்டைத் தண்ணீர். வெயில் ஏறும் முன் பூவரசம் இலையால் கன்றுகளை மூடுவார்கள். அப்படிச் செய்தும் நடுவிலிருந்த நிரைகள் வாடத் தொடங்கின. அந்தத் தோட்டம்தான் அந்த வீட்டுக்கு வருஷச் சாப்பாடு. அந்த வருஷம் மகளுக்குக் கலியாணமும் பேசி முடித்திருந்தார்கள். புகையிலை போனால் கலியாணமும் போகும் என்று ஊருக்கே தெரியும்.

பாதிரியார் தினமும் விடியற்காலையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு பின் விறாந்தைக்கு வந்து நிற்பார். அங்கிருந்து ஒழுங்கையும் தெரியும், தோட்டமும் தெரியும். கடைசிக் குடம் ஊற்றி முடியும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டு நிற்பார். தேத்தண்ணீர் ஆறிப்போகும். உதடு அசைந்துகொண்டிருக்கும். அவரைப் பார்க்கவே எனக்குப் பரிதாபமாக இருக்கும்.

அந்த நாட்களில் எங்கள் வளவே ஒழுகத் தொடங்கிற்று. பாதிரியாரின் மனைவி காலையும் மாலையும் குளிக்கத் தொடங்கினார். குளிக்கிற தண்ணீர் வேலிப் பக்கம் ஓடும்படி யாரோ சின்ன வாய்க்காலாகக் கான் வெட்டியிருந்தார்கள். குசினிக்காரர் அரிசி கழுவிய தண்ணீரை வேலிக்கு மேலால் வீசுவார். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கால் கழுவும் சுத்தத்தைப் பற்றி நான் அந்த மாதம் விசேஷமாகப் படிப்பித்தேன். எல்லோரும் வேலியோரத்தில்தான் கழுவ வேண்டும் என்பது சட்டம். இவ்வளவும் சேர்ந்து வேலியோரத்து நிரை ஒன்றைக் காப்பாற்றியது. அதற்கு அப்பால் எட்டவில்லை.

பாதிரியார் என்னிடம் வந்து வந்து கேட்பார்.

"நமது காணிக்கை எங்கிருந்து வருகிறது?"

"புகையிலையிலை இருந்து, ஐயா."

"உமது சம்பளம்?"

"அதிலை பாதி உங்கடை நாட்டுச் சனம் அனுப்புற காசு. மற்றப் பாதி புகையிலை."

"இன்று நான் தண்ணீர் கொடுத்தால் நாளை என் பிரசங்கத்தை யார் நம்புவார்கள்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கொடாவிட்டால் மட்டும் ஏன் நம்பவேண்டும்?" என்றார். அடுத்த சனிக்கிழமை பிரசங்கம் எழுதாமல் உட்கார்ந்திருந்தார். வேதாகமத்தை எங்கே திறந்தாலும் ஒரு கிணறு வருகிறது என்று முறையிட்டார். ஒன்றில் யாராவது தாகத்தோடு வருகிறார்களாம், அல்லது யாராவது இறைத்துக் கொடுக்கிறார்களாம். இதற்கு மேல் ஆண்டவர் அவருக்கு எப்படித்தான் சொல்வார் என்று எனக்குக் கோபம் வந்தது.

"ஐயா, இதை மேசையிலை இருந்து யோசிச்சு முடியாது. எழும்புங்கோ, அந்த வீட்டுக்குப் போவம்" என்றேன்.

எழுந்தார். பிறகு நின்றுவிட்டார். "வெறுங்கையோடு செல்வது தகாது அல்லவா?" என்றார். அந்த மனிதர் அவருக்கு ஒன்றாவது படிப்பித்திருந்தார். பாதிரியாரின் மனைவி தோட்டத்துக்குப் போய் ரோசாப் பூக்களை வெட்டி ஒரு தட்டம் நிறையக் கொடுத்தார்.

அந்த வீட்டுக்காரர் எங்களைக் கண்டு திகைத்துப்போய்க் கதிரை எடுத்துப்போட்டார். பூவைப் பெரிய மரியாதையோடு வாங்கிய அவருடைய மனைவி, நேரே உள்ளே கொண்டுபோய்ப் பிள்ளையார் படத்துக்கு வைத்துவிட்டார். மிஷன் பூவுக்கு வேறு எங்கே இடம் கிடைக்கும்? பாதிரியார் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திறந்து, வந்த காரியத்தைச் சொன்னார். வேலியை வெட்டும், வேண்டிய மட்டும் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் என்றார்.

"வேண்டாம் ஐயா."

"ஏன்? கோபமா?"

"கோபமோ? ஐயா விரதக்காரர் எண்டு ஊர் முழுக்கக் கதைக்கினம். நானும் கோயிலடியிலை எல்லாருக்கும் சொல்லிவைச்சிருக்கிறன். புகையிலைக்குத் தண்ணி குடுக்கிறேல்லை எண்டு தன்ரை சாமிக்கு நேர்ந்தவர், உயிர் போனாலும் மாறமாட்டார் எண்டு. எனக்காக அதை முறிக்காதையுங்கோ. அந்தப் பாவம் என்ரை தலையிலை விழும்."

பாதிரியார் இத்தனை நாளும் தன்னைக் கல்நெஞ்சன் என்று அயலட்டைச் சனம் ஏசும் என்று நினைத்துத் தூக்கமில்லாமல் கிடந்தவர். சனங்களோ அவரை ஏறக்குறைய ஒரு முனிவராக்கி வைத்திருந்தார்கள்.

"நான் விரதம் எதுவும் எடுக்கவில்லை" என்றார். "அது என் எண்ணம். அந்த எண்ணம் சரிதானா என்று எனக்கு இப்போது சந்தேகம்."

"சந்தேகமோ?" அந்த மனிதரின் முகம் விழுந்துவிட்டது. சாமியாருக்கே சந்தேகம் என்றால் மற்றவர்கள் எங்கே போவது என்று நினைத்திருக்கலாம்.

கதவுக்குப் பின்னாலிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. "இஞ்சாருங்கோ, சந்தேகம் அவரோடை இருக்கட்டும். தண்ணி இஞ்சாலை வரட்டும்."

அதோடு வழக்கு முடிந்தது. திங்கட்கிழமை விடியவே வேலியில் பொட்டு வெட்டினார்கள். கூலிக்கு ஆள் வேண்டாம், நானே இறைக்கிறேன் என்று பாதிரியார் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். துலாக் கயிற்றை இழுக்கத் தெரியாமல் முதல் இறைப்புப் பட்டைத் தண்ணீரைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டார். எங்களில் முழுமுழுக்கு ஞானஸ்நானம் எடுத்த முதல் ஆள் அவர்தான் என்றார் அப்பா. துலாவில் ஏறி மிதிக்க அந்த வீட்டுக்காரர் தன் தம்பியை அனுப்பினார். பாதிரியாரின் உள்ளங்கை கொப்பளித்தது, தோல் உரிந்தது. அவர் விடவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடி, வாடிய நிரைகளுக்குள் போனபோது அவர் பிள்ளைகளைப் போலச் சிரித்தார். நடுவில் சில நிரைகள் பிழைக்கவில்லை. மற்றதெல்லாம் நிமிர்ந்தது. கலியாணம் நடக்கும் என்று ஆகிவிட்டது.

கிணற்றுக் கட்டு முடிந்த நாளில், அந்த மனிதர் வேலியை அடைக்க ஓலையோடு வந்தார். பாதிரியார் கைகளில் துணி சுற்றிக்கொண்டு நின்றார். மனம் நிறைந்திருந்தது போலிருக்கிறது, கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டார்.

"நண்பரே, முதல் நாள் நான் உம்மைத் திருப்பி அனுப்பினேன். அதற்காக உமது மனதில் ஏதாவது குறை இருந்தால் சொல்லும்."

"அதுக்கு ஒண்டுமில்லை ஐயா. அது உங்கடை கொள்கை." ஓலையைக் கட்டிக்கொண்டே சொன்னார். பிறகு கையை நிறுத்தினார். "ஒண்டு மட்டும் சொல்லட்டே? என்ரை பிள்ளை பெரியபிள்ளை. கலியாணம் பேசின பிள்ளை. ஒழுங்கைக்கு வெளிக்கிடாமல் வளர்த்தனாங்கள். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகேக்கை ஊர்ச்சனம் எல்லாம் காணாத மாதிரி மற்றப் பக்கம் திரும்பிப் போச்சுதுகள். நீங்கள் ஒராள்தான் ஒவ்வொரு நாளும் விறாந்தையிலை நிண்டு பாத்துக்கொண்டிருந்தனீங்கள். அவள் வீட்டை வந்து அழுவாள். தண்ணி தராட்டிலும் பறவாயில்லை, நீங்கள் உள்ளுக்குப் போயிருக்கலாம்."

கோபமில்லாமல்தான் சொன்னார். சொல்லிவிட்டு மிச்ச ஓலையைக் கட்டி முடித்து, வாறன் ஐயா என்று போய்விட்டார்.

பாதிரியார் வேலியை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீர் அருகில் இருந்தீரே. அதை ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என்று என்னைக் கேட்டார்.

"நீங்கள் செபம் செய்யிறியள் எண்டு நினைச்சன், ஐயா."

"நானும் அவ்வாறே எண்ணினேன்" என்றார் அவர்.